ஞாயிற்றுக்கிழமை காயப்போடாத மண்

உலுமாலு காட்டை வெட்டித் திருத்திய பிறகு வந்த மூன்றாம் மழைக்காலத்தில், அங்கே பெய்த மழை தரையைத் தொடாமல் முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. மேலிருந்து ஒழுங்காகத்தான் இறங்கி வந்தது. சேம்புத் தண்டின் பாதியளவுக்கு வந்ததும், அதற்குக் கீழே போக இஷ்டமில்லாததுபோல் அங்கேயே பரவி, ஒரு சாண் கனத்துக்குத் தேங்கி, மெல்ல நகர்ந்து, சரிவோடு சரிவாகக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் அடியில் மண் புழுதியாகக் கிடந்தது. கோழிகளும் பன்றிக்குட்டிகளும் உடம்பில் ஈரம் படாமல் கீழே ஓடித் திரிந்தன. களை பறிக்கப் போன பெண்கள் இடுப்பில் சுற்றிய லாவாலாவாவைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தார்கள். தொடை நனைந்தது, பாதம் சுட்டது. முதல் வாரம் ஃபங்கலேயா ஊர் மொத்தமும் மலையேறி வேடிக்கை பார்த்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். இரண்டாம் வாரத்தில் பேச்சு பழையபடி ஆக்லாந்துக் கப்பல் எப்போது வரும், சேம்பு மூட்டை என்ன விலை போகும் என்பதற்குத் திரும்பிவிட்டது.

ஊர்ச் சபைக்குத்தான் சங்கடம். ஃபங்கலேயாவில் எந்தக் குற்றத்துக்கும் ஒரு தண்டம் உண்டு. மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதிய பின் தெருவில் நடந்தால் ஒரு பெட்டி டின் மீன். சபையில் தலைவர்களின் பட்டங்களை வரிசை மாற்றிச் சொன்னால் ஒரு பன்றி. மழை தரையில் விழாததற்கு யாரிடம் பன்றி வாங்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பாஸ்டர் இரண்டு ஞாயிறு அதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். இரண்டு முறையும் முடிவுக்கு வராமல் காணிக்கைக்குப் போய்விட்டார். காரணம் தெரிந்தவன் ஊரில் ஒருவன்தான். அவன் பெயர் எனேலிகோ. அந்த மண்ணைத் தோண்டிப் பார்த்து, இன்ன மாதிரி என்று விவரித்து, அதற்குக் குலமும் பெயரும் எழுதிக் கொடுத்தவன் அவன்தான்.

எனேலிகோ நியூசிலாந்தில் மண்ணைப் பற்றிப் படித்துவிட்டு, தலைநகர் அபியாவில் மண் அளவைக்காரனாக இருந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடுமுறைக்கும் சாவுக்கும் கப்பலேறி சவாயி தீவுக்கு வந்து, ஃபங்கலேயாவில் அக்கா மோயலாங்கியின் வீட்டில் தங்குவான். அம்மா போன பிறகு அவனுக்கு எல்லாம் அக்காதான். அந்த ஊரில் தம்பி என்றால் அக்காவுக்கு முன்னால் குரல் உயர்த்தக் கூடாது, அவள் உட்கார்ந்த பாயில் உட்காரக் கூடாது, அவள் இருக்கும் இடத்தில் அசட்டு ஜோக் அடிக்கக் கூடாது. அவள் மனம் நொந்தால் அவன் கண் மங்கும் என்று நம்பினார்கள். எனேலிகோ படித்தவன், ஆனாலும் நம்பினான். மோயலாங்கி கணீரென்ற குரலும் கறாரான பேச்சும் உள்ளவள். அவளுடைய புருஷன் லௌஃபிலி கிழக்குப் பக்கத்து ஊர்க்காரன். கட்டிக்கொண்ட நாள் முதல் பெண்டாட்டி வீட்டிலேயே இருந்து, கல்லைச் சுட்டு அடுப்பு மூட்டிக் கிழங்கு சுட்டுப் போட்டு, ஊராரின் கேலியை எல்லாரையும்விட அதிகமாகத் தானே சிரித்து ரசித்த நல்ல மனுஷன்.

சேம்பு கப்பலேறத் தொடங்கிய வருடங்கள் அவை. கடலோர நிலமெல்லாம் நட்டு நட்டுச் சோர்ந்துபோயிருந்தது. மேலே எரிமலைச் சரிவில் இருக்கும் காடுகளைத் திருத்தினால் விளையுமா என்று தீவு முழுக்க ஒரே கேள்வி. எந்தெந்தக் காட்டு மண் ஏற்றது, எது ஏற்றதல்ல என்று பிரித்துச் சொல்ல அளவைக்காரர்கள் அனுப்பப்பட்டபோது, உலுமாலுவை எனேலிகோ தானே கேட்டு வாங்கிக்கொண்டான். அது அவன் குடும்பத்துக்கும் பங்குள்ள காடு. நிலம் தலைவர்கள் பெயரில் இருந்தாலும், ஊரின் பாதிக் குடும்பங்கள் அதற்குக் காத்திருந்தன. மோயலாங்கி வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமலிருந்ததே கேட்டது மாதிரிதான்.

ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டினார்கள். வெயில் படும் பக்கத்துச் சுவரைக் கத்தியால் சீராகச் சீவி, மேலிருந்து கீழே நாடா கட்டித் தொங்கவிட்டு, எனேலிகோ குழிக்குள் இறங்கி ஒவ்வோர் அடுக்காகப் பார்த்தான். மேலே மக்கிய இலையும் வேருமாகப் பின்னிக் கிடந்தது. அடுத்து கறுப்பு மண். அள்ளினால் கை நிறையும், கனம் தெரியாது. அதற்குக் கீழே பழுப்பாக, தொட்டால் சோப்பு மாதிரி வழுக்கும் மண். பிறகு உளுத்துப்போன கற்கள்; கல்லின் உருவம் மட்டும் மிச்சமிருந்தது, கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அடியில், ஊரில் இன்று இருக்கும் எந்தப் பட்டமும் பிறப்பதற்கு முன்பு நெருப்பாக ஓடி உறைந்த கருங்கல். ஒரு கட்டியைப் பெயர்த்து விரலால் அழுத்தினான். திடமாக இருந்தது சட்டென்று கூழாகி, விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது. அழுத்துவதை விட்டதும் மறுபடி கட்டியானது. மருந்து தோய்த்த தாளில் ஒரு துளி மண்ணை வைத்து மேலே இன்னொரு மருந்தில் ஒரு சொட்டு விட்டால், தாள் வெற்றிலை மென்ற வாயாகச் சிவந்தது; எரிமலைச் சாம்பல் மண் என்பதற்கு அதுதான் அடையாளம். எனேலிகோ சந்தோஷத்தில் தனக்குத்தானே பேசிக்கொண்டான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் அதற்குப் பிறகு வரவில்லை.

நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்ற லௌஃபிலி ஒரு கட்டியை மோந்து பார்த்தான்.

"மச்சான், இது மண்ணா கேக்கா? கொஞ்சம் தேங்காப்பால் ஊத்தினா திங்கலாம்போல இருக்கே."

"தின்னுடாதீங்க. இன்னும் பேர் வைக்கல."

மண்ணுக்குப் பெயர் வைப்பது எனேலிகோவுக்கு ரொம்பவும் தெரிந்த விஷயம், ஏனென்றால் அது ஊரில் பட்டம் சொல்வது மாதிரியேதான். முதலில் பெருங்குலம், பிறகு அதில் எந்தக் கிளை, கிளையில் எந்த வீடு, கடைசியில்தான் அதன் சொந்தப் பெயர், எந்த இடத்தில் முதலில் விவரிக்கப்பட்டதோ அந்த இடத்தின் பெயர். எந்த அடுக்கு எவ்வளவு கனம், வேர் எதுவரை, ஒரு நிறம் இன்னொன்றில் கரைகிறதா வெட்டி நிற்கிறதா என்று எல்லாம் பார்த்துத்தான் குலத்தைச் சொல்ல முடியும். அந்தச் சோதனைகளில் ஒன்று காயப்போட்டுப் பார்ப்பது. வண்ணச் சதுரங்கள் ஒட்டிய புத்தகத்தில் மண்ணின் ஈர நிறத்தையும் காய்ந்த நிறத்தையும் ஒத்துப் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், காய்ந்த கட்டியைத் திரும்ப நனைத்துப் பார்ப்பது. எரிமலை மண்ணில் சிலது ஒரே ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் பிறகு எத்தனை மழை பெய்தாலும் தண்ணீரை ஏற்காது. அப்படிப்பட்ட மண் என்றால் மரத்தின் நிழலை எடுக்கக் கூடாது. இது எனேலிகோவுக்கு நன்றாகத் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறான்.

கட்டிகளைக் கீழே கொண்டுவந்து, வீட்டு முன்னால் அம்மாவின் சமாதிமேல் பரப்பினான். சிமெண்ட் போட்ட அகலமான சமாதி. கொக்கோ விதையும் பாய் பின்னும் தாழை ஓலையும் அந்த வீட்டில் எப்போதும் அதன்மேல்தான் காய்ந்தன. மழை மாதம். தினமும் வானம் மூடிக்கொண்டு, கட்டிகள் மேலும் ஈரமாகிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஃபங்கலேயாவில் ஞாயிற்றுக்கிழமை எதையும் காயப்போட மாட்டார்கள். துணி, மீன், ஓலை எதுவும் வெளியே கிடக்கக் கூடாது; கர்த்தருடைய நாளில் வெயிலிடம் வேலை வாங்குவது குற்றம். வெள்ளை உடுப்பும் தொப்பியுமாகத் தேவாலயத்துக்குக் கிளம்பிய மோயலாங்கி சமாதியைப் பார்த்து நின்றாள்.

"தம்பி, அம்மா மேல என்ன அது?"

"மண்ணுதான்க்கா. காயணும்."

"நாளைக்குக் காயட்டும்."

"நாளைக்கு மழை வரும்க்கா. காலைல எனக்குக் கப்பல். இன்னிக்கு ஒருநாள்தான் வெயில்."

"ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டு முன்னால எதுவும் காயாது. பாஸ்டர் இந்த வழியாத்தான் போவாரு. நான் முன் வரிசையில தலை நிமிர்ந்து உக்காரணும்."

சொல்லிவிட்டுத் தானே குனிந்து, வெள்ளைக் கையுறை கறுக்காமல் கழற்றி வைத்துவிட்டு, விரல் நுனியால் ஒவ்வொரு கட்டியாகப் பொறுக்கிக் கூடையில் போட்டு, வாழை இலையால் மூடி, வீட்டுக்குள் நிழலில் வைத்தாள். எனேலிகோ தடுக்கவில்லை. ஊர்க் கட்டுப்பாட்டுக்குப் பயந்தல்ல, தண்டம் ஒரு பெட்டி மீனோடு போயிருக்கும். அக்காவிடம் மறுத்துப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. மறுநாள் மழையில் கப்பலேறினான். அபியாவில் அவன் அறிக்கைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். காய்ந்த நிறம் என்ன, திரும்ப நனையுமா என்ற இரண்டு இடங்களில் தனக்குத் தோன்றியதை நல்ல கையெழுத்தில் எழுதினான். நனையும் என்று எழுதினான். பயிருக்கு ஏற்ற மண், பெயர் உலுமாலு.

ஊரில் மூன்று நாள் விருந்து நடந்தது. தங்கள் காட்டின் பெயர் வெளிநாட்டுப் புத்தகங்களில் ஏறும் என்று கேட்டதும், சபையில் பட்டங்களைச் சொல்லி வாழ்த்தும்போது உலுமாலுவையும் சேர்த்துச் சொன்னார்கள். பிறகு ரம்பத்தோடு மேலே போனார்கள். ஆள் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள் ஒரு மாதத்தில் விழுந்தன. புறாக்கள் கொஞ்ச நாள் காலி வானத்தில் வட்டமிட்டுப் பார்த்துவிட்டு வேறெங்கோ போயின. முதல் இரண்டு வருடம் விளைந்த விளைச்சலைப் பற்றி இன்றும் பேசுவார்கள். ஒரு கிழங்கை இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. தேவாலயத்துக்குப் புதுக் கூரை வந்தது. லௌஃபிலி, பெண்டாட்டி வீட்டில் அடுப்பு மூட்டுகிறவன் என்ற பெயர் போய், உலுமாலுவில் யாருக்கு எந்தப் பாத்தி என்று பிரித்துக் கொடுக்கிறவன் ஆனான். மோயலாங்கி தம்பியின் பெயரைத் தெருவில் நாலு பேர் கேட்கும்படி சொல்லிக்கொண்டு நடந்தாள்.

வெயில் நேராக விழுந்த மண் மெல்ல நிறம் மாறியது. முதலில் வெளிறியது, பிறகு வறுத்துப் பொடித்த காப்பிக்கொட்டை மாதிரி சின்னச் சின்ன மணியாக உதிர்ந்தது. காற்றடித்தால் கண்ணில் விழுந்தது. தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடியது. மூன்றாம் மழைக்காலத்தில் மழையும் விஷயத்தைப் புரிந்துகொண்டு முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. செய்தி கேட்டு எனேலிகோ அடுத்த கப்பலிலேயே வந்தான். பழைய குழியின் விளிம்பில் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, முழங்காலளவில் நின்ற தண்ணீருக்குள் கையை விட்டு, நூறு எண்ணும்வரை வைத்திருந்து எடுத்தான். கை நனைந்திருந்தது. மண் காய்ந்தே இருந்தது. அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதான். பிறகு இறங்கி வந்து சபையில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். கட்டிகளை யார் பொறுக்கி உள்ளே வைத்தார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டான். காய்வதற்கு முன்னால் எழுதிவிட்டேன் என்றான். தலைவர்கள் மரியாதையோடு கேட்டுக்கொண்டார்கள். மறுபடி நனைக்க என்ன வழி என்று ஒருவர் கேட்டார். தனக்குத் தெரிந்து வழியில்லை என்றான்.

லௌஃபிலி மட்டும் வழி இருக்கிறது என்று நம்பினான். தினமும் மேலே போய், நின்ற தண்ணீரை கொட்டாங்கச்சியில் மொண்டு, குனிந்து செடியின் வேரில் ஊற்றினான். ஊற்றியது உருண்டு விளிம்புக்குப் போய் மேலேறி, நின்ற தண்ணீரோடு சேர்ந்துகொண்டது. அவன் சளைக்கவில்லை. ஒருநாள் பெரிய மழை. தண்ணீர் வழக்கமான கனத்தில் நிற்காமல், முழங்காலிலிருந்து ஆள் உயரத்துக்கு ஏறியிருக்கிறது. யாரோ பிடித்து வைத்ததுபோல் அவன் கால் புழுதிக்குள் கணுக்கால்வரை புதைந்திருக்கிறது. மாலையில் போய்ப் பார்த்தபோது நின்றபடியே இறந்திருந்தான். முழங்காலுக்கு மேலே மூழ்கிச் செத்த உடம்பு, உப்பி வெளுத்திருந்தது. கால் விரல்களில் தூசி ஒட்டியிருந்தது.

அவனை அம்மாவின் சமாதிக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். அன்றிலிருந்து மோயலாங்கி தம்பியோடு பேசவில்லை. சண்டை போடவில்லை, சபிக்கவில்லை. சாப்பாடு போட்டாள், துணி துவைத்து மடித்து வைத்தாள். அவன் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து தங்கிய பிறகும், வேண்டியதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லியனுப்பினாள். அவன் எதிரே வந்தால் அவள் கண் சமாதிப் பக்கம் போகும். அவன்மேல் கோபமா, தன்மேலேயா என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. வெள்ளைக் கையுறையை அவள் அப்புறம் போடவே இல்லை. விரல் நுனியில் கறுப்பு போகவில்லை என்று ஒருமுறை யாரிடமோ சொன்னதாகப் பேச்சு. எனேலிகோவுக்கு உண்மையிலேயே கண் மங்கத் தொடங்கியது. நிறப்புத்தகத்தில் கறுப்பும் பழுப்பும் ஒன்றாகத் தெரிந்தன. கண் போவது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. அக்கா வாயால் ஒரு தரம் தம்பி என்று கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது. அதற்காக எதையும் செய்யத் தயாராக இருந்தான்.

அந்தத் தீவில் ஒருவருக்குப் பெருந்தீங்கு செய்துவிட்டால் மன்னிப்புக் கேட்க ஒரே முறைதான் உண்டு. விடியற்காலையில், விறகும் அடுப்புக் கல்லும் இலையும் எடுத்துக்கொண்டு, என்னைச் சுட்டுத் தின்றாலும் சரி என்ற பொருளில் அவற்றை முன்னால் வைத்து, எதிராளியின் வீட்டுக்கு முன் தலை கவிழ்ந்து உட்கார்ந்து, நுண்பாயால் தன்னை மூடிக்கொள்ள வேண்டும். எதிராளி வந்து பாயை நீக்கினால் மன்னிப்பு. நீக்காவிட்டால் கோடரி வந்தாலும் அசையக் கூடாது. இது ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்திடம் செய்வது. அக்காவும் தம்பியும் ஒரே வீடு, அங்கே அதற்கு இடமில்லை. எனேலிகோ சபைக்குப் போய், தான் உலுமாலு மண்ணின் முன்னால் உட்காரப் போவதாகச் சொன்னான். சபை ஒரு முழு மத்தியானம் அதைப் பேசியது. மண்ணின் பட்டம் என்ன, அதை எந்தத் தூணோரம் உட்கார வைத்து, யாருக்குப் பிறகு சபைப் பானமான ஆவா கொடுப்பது என்று ஒருவர் நியாயமாகவே கேட்டார். சபையின் பேச்சாளர் தோலோவா, ஊரில் மூத்தவர், விசிறியைக் கீழே வைத்தார்.

"இதுல என்ன வரிசை பாக்கறது? நாம எல்லாரும் உக்காந்திருக்கறதே அது மேலதான்."

"சரி, பாயைத் தூக்க அதுக்குக் கை ஏது?" என்றார் கேட்டவர்.

"தூக்கறவரைக்கும் இருக்கேன்" என்றான் எனேலிகோ.

நுண்பாய் ஒன்றுதான் அந்த வீட்டில் இருந்தது. மோயலாங்கி கல்யாணமான வருடம் தொடங்கி, தாழை ஓலையை நூலாகக் கிழித்து, பல வருடம் கண்ணைக் கொடுத்துப் பின்னியது. தன்னை அதில்தான் சுற்றிப் புதைக்க வேண்டும் என்று வைத்திருந்தாள். லௌஃபிலிக்குக்கூட அதைக் கொடுக்கவில்லை, அவனுக்கு வேறு பாய். எனேலிகோ அதைக் கேட்க வாயெடுக்கவில்லை. மறுநாள் அவன் கிளம்பும்போது, பாய் அம்மாவின் சமாதிமேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்குள் மோயலாங்கி முதுகைக் காட்டி உட்கார்ந்து தாழை ஓலையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். அவன் பாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அவள் திரும்பவில்லை.

பழைய குழியின் விளிம்பில் விறகையும் கல்லையும் இலையையும் வைத்து, முகம் மண்ணில் படக் குனிந்து, பாயைப் போர்த்திக்கொண்டான். முதல் நாட்களில் ஊர் அவனுக்காகச் சாப்பாடு கொண்டுபோய், பாய் அசையவில்லை என்று திரும்பக் கொண்டுவந்தது. மழை பெய்தது; தண்ணீர் அவன் முதுகுக்கு மேலே நின்று, பாயைத் தொடாமல் நகர்ந்து போனது. அதனடியில் பாயின் சிவப்பு இறகுக் கரை தூசி படிந்து தெரிந்தது. பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார். தோலோவா ஒருநாள் மூச்சிறைக்க ஏறிவந்து, மண்ணைப் பார்த்து, பட்டங்களை ஒன்றுவிடாமல் வரிசைப்படி சொல்லி, எங்கள் பிள்ளையை மன்னிக்கவும் என்று முறையாக ஒரு பேச்சு பேசினார். பதில் வராததால், முறைப்படி அதற்கும் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். பிறகு கப்பல் வந்தது, தேவாலயத்தில் பாட்டுப் போட்டி வந்தது, ஊர் தன் வேலையைப் பார்த்தது. சாப்பாட்டை மட்டும் யாரோ விடாமல் பாயருகே வைத்துப் போனார்கள். வாழை இலையில் பொதிந்த பொதி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி மடிந்திருந்ததால், யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 

மழைக்காலத்தின் முடிவில் ஒரு காலை, புறா ஒன்று உலுமாலுவில் இறங்கியதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். மோயலாங்கி கையிலிருந்த ஓலையைப் போட்டுவிட்டு எழுந்து மேலே போனாள். அவள் பின்னால் ஊரில் பாதிப் பேர் போனார்கள். தூறிக்கொண்டிருந்தது. சரிவு முழுக்கத் தண்ணீர் பழையபடி முழங்கால் உயரத்தில் நின்றது. குழிப் பக்கத்தில் மட்டும் அது குழிந்து, கீழே இறங்கி, பாய்மேல் பட்டுக்கொண்டிருந்தது. பாய் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. குனிந்த முதுகும் மடித்த காலும் அச்சாகத் தெரிந்தன. மோயலாங்கி பாயருகே போனாள். மன்னிக்க வேண்டியவர் தூக்க வேண்டிய பாய் அது. தனக்கு அந்த உரிமை உண்டா என்று யோசித்திருப்பாள். பிறகு மண்டியிட்டு, இரண்டு கையாலும் பாயின் விளிம்பைப் பிடித்து நீக்கினாள்.

"எந்திரி தம்பி."

பாயின் கீழே எனேலிகோ இல்லை. குனிந்து உட்கார்ந்த ஆளின் உருவத்தில் கறுப்பு மண் இருந்தது. முதுகில் பாயின் பின்னல் இழை இழையாகப் பதிந்திருந்தது. மோயலாங்கி அதன் தோளில் கை வைத்து அழுத்தினாள். மண் இளகி, அவள் விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது. கையை எடுத்ததும் மறுபடி திடமானது. அவள் மீண்டும் மீண்டும் அழுத்திப் பார்த்தாள். இத்தனை நாளும் பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் அங்கேயே உட்கார்ந்து, சத்தம் போட்டு, அவனிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையன்று கட்டிகளைப் பொறுக்கியது நான்தானே, ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருக்கக் கூடாதா, அக்கா சொன்னால் அப்படியே கேட்டுவிடுவதா என்று திட்டினாள். அவள் திட்டத் திட்டத் தண்ணீர் கீழே இறங்கியது. மாலையில் ஜெபச் சங்கு கேட்டபோது குழியைச் சுற்றி ஒரு பாயளவு தரை நனைந்திருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு மழைக்கும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது. சரிவு முழுவதும் இன்னும் நனையவில்லை. மேற்கோரத்தில் மழை இப்போதும் முழங்காலளவில்தான் நிற்கிறது, அந்தப் பக்கம் போகிறவர்கள் லாவாலாவாவைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். குழிப் பக்கத்தில் மரப்பெரணி முளைத்தது. மோயலாங்கி வெயில் காலத்தில் அந்த இடத்தை ஓலையால் மூடி, அதன்மேல் வாழை மட்டை பரப்பினாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், குடும்பச் சாப்பாட்டில் முதல் பங்கைப் பொதிந்து எடுத்துக்கொண்டு மேலே போய், கொஞ்ச நேரம் திட்டிவிட்டு வருவாள். சபையில் பட்டங்களைச் சொல்லும்போது, தலைவர்களுக்குப் பிறகு எனேலிகோவையும் சொன்னார்கள். விட்டுவிட்டால் ஒரு பன்றி என்று தண்டமும் வைத்தார்கள்.

சேம்பு இலையெல்லாம் கருகிய நோய் வந்து கப்பலும் நின்றுபோன பிறகு, காட்டைத் திரும்ப வளர்க்கலாமா என்று பார்க்க அபியாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். இளம் அளவைக்காரி. அவள் ஒருநாள் முழுக்கக் குழிக்குள் நின்று சுவரைச் சீவினாள். மேலே இரண்டு சாண் கனத்துக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஓர் அடுக்கு இருந்தது: கறுப்பு, கனமில்லாதது, சற்றே வெதுவெதுப்பு, மேற்பரப்பில் பாய்ப் பின்னல். அதை அப்படியே எழுதிக்கொண்டாள். எந்தக் குலத்தில் சேர்ப்பது என்று கேட்டபோது, குழியின் விளிம்பில் உட்கார்ந்திருந்த மோயலாங்கி தன் குடும்பத்தின் பட்டத்தையும் கிளையையும் சொல்லி, கடைசியில் தம்பியின் பெயரைச் சொன்னாள். அளவைக்காரி அதையும் எழுதினாள். பிறகு ஒரு கட்டியைப் பெயர்த்துக் கையில் எடுத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு பாக்கிம்மா. காஞ்சா என்ன நிறம், திரும்ப நனையுமான்னு பாக்கணும். உங்க வீட்டு முன்னால இருக்கற சமாதி மேல ரெண்டு நாள் வெயில்ல வெச்சு எடுத்துக்கறேன்."

மோயலாங்கி அந்தக் கட்டியை அவள் கையிலிருந்து வாங்கினாள். கறுத்துப்போன விரல் நுனியால் பத்திரமாகப் பிடித்து, குழிச் சுவரில் அது இருந்த இடத்திலேயே வைத்து, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள்.

"இன்னிக்குத் திங்கக்கிழமைதானேம்மா" என்றாள் அளவைக்காரி. ஊர் வழக்கம் அவளுக்கும் தெரியும்.

"எந்தக் கிழமையா இருந்தா என்ன? இவனைக் காய விட மாட்டேன்."

மேலே இலைகளில் மழை விழத் தொடங்கியது. அளவைக்காரி குழியிலிருந்து ஏறி வந்து, காய்ந்த நிறம் எழுத வேண்டிய இடத்தில் 'காயாது' என்று எழுதினாள். மழை அவர்கள் இரண்டு பேரையும் நனைத்து, கீழே இறங்கி, தரையில் விழுந்தது.